பதிவேடா, சான்றிதழா? ஒஹாயோவில் முன்னோரின் இறப்புப் பதிவைத் தேடும் வழிகள்

மருமகள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர். பேரனுக்காக வம்சாவளி எழுத உட்கார்ந்தபோது, என் பக்கத்து முன்னோருக்கு வீட்டுப் பெரியவர்களின் வாய்மொழியே துணையாக இருந்தது. அவர் பக்கத்துக்கோ 1870கள் வரை கையெழுத்துப் பதிவுகள் கிடைத்தன. ஆனால், ஒரே மனிதரின் இறப்புக்கு நான்கைந்து வகை ஆவணங்கள் இருக்கக்கூடும் என்பதும், அவை ஒன்றையொன்று மறுக்கவும் கூடும் என்பதும் போகப் போகத்தான் புரிந்தது. எதை முதலில் நாடுவது, எதை எந்த அளவுக்கு நம்புவது என்பதை அந்த மாநிலத்தை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஒஹாயோவில் தேடுபவர் மனத்தில் இருத்த வேண்டிய நாள் 1908 டிசம்பர் 20. அன்று முதல் இறப்புகள் மாநில அளவில், ஆளுக்கொரு சான்றிதழாகப் பதிவாயின. அதற்கு முன், 1867 முதல், ஒவ்வொரு கவுண்டியிலும் உள்ள புரோபேட் நீதிமன்றம், அதாவது உயில், வாரிசுரிமை வழக்குகளைக் கவனிக்கும் நீதிமன்றம், இறப்புகளைப் பெரிய பதிவேடுகளில் வரி வரியாக எழுதி வைத்தது. கவுண்டி என்பதை நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவாகக் கொள்ளலாம். ஒஹாயோவில் 88 கவுண்டிகள் உள்ளன. கடைசியாக உருவான நோபிள் கவுண்டி 1851இலேயே அமைந்துவிட்டதால், பதிவேட்டுக் காலத்தில் புதிய கவுண்டி பிரிந்து ஆவணம் இடம் மாறிய குழப்பம் அங்கே இல்லை. ஆகவே எந்த இணையதளம் சிறந்தது என்ற கேள்விக்கு முன்னால், நாம் தேடும் முன்னோர் ஏறக்குறைய எந்த ஆண்டில், எந்த ஊரில் இறந்தார் என்ற கேள்விக்கு விடை தேடுவதே முறை.

கவுண்டிப் பதிவேட்டில் ஒருவருக்குக் கிடைப்பது இரு பக்கங்களுக்கும் நீளும் ஒரே ஒரு வரிதான். பெயர், இறந்த நாள், மணமானவரா என்ற குறிப்பு, வயது, இறந்த இடம், பிறந்த இடம், தொழில், பெற்றோர் பெயர், மரணக் காரணம், அறிவித்தவர் எனக் கட்டங்கள் பல இருந்தாலும், பெற்றோர் கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். வயதை ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்து எழுதியிருப்பதுதான் இதன் தனிச் சிறப்பு. 1884 மார்ச் 9ஆம் நாள் இறந்த ஒருவருக்கு 62 ஆண்டு, 3 மாதம், 14 நாள் என்று இருந்தால், பின்னோக்கிக் கணக்கிட்டு அவர் 1821 நவம்பர் 25ஆம் நாள் பிறந்தவர் என்று சொல்லிவிடலாம். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஒருவரின் ஞானஸ்நானப் பதிவை அவரது பூர்வீக ஊர்த் தேவாலயத்தில் தேடுவதற்கு இந்த ஒரு கணக்கே திறவுகோலாகும். மரணக் காரணங்களைப் படிப்பதும் தனி அனுபவம்: 'கன்சம்ப்ஷன்' என்பது நம் பாட்டிமார் சொன்ன க்ஷயரோகம், 'டிராப்சி' என்பது நீர்க்கோவை. அக்காலத் தமிழ்ச் சொற்களை அறிந்தவருக்கு அகராதி அதிகம் தேவைப்படாது.

பதிவேட்டின் பலவீனம் அது நிரப்பப்பட்ட விதத்தில் இருக்கிறது. 'அறிவித்தவர்' கட்டத்தில் மருத்துவரின் பெயருக்குப் பதிலாக வரி மதிப்பீட்டாளர் என்று இருப்பதை அடிக்கடி காணலாம். சொத்து மதிப்பிட வீடு வீடாக வந்தவர், கடந்த ஓராண்டில் அங்கே யாரேனும் இறந்தார்களா என்று கேட்டுக் குறித்துக்கொண்ட செய்தி அது. சில மாதங்களுக்கு முந்தைய நிகழ்வை நினைவிலிருந்து சொல்லும்போது நாள் பிசகும். குடும்பம் வேறு ஊருக்குப் போயிருந்தால் இறப்பே விடுபடும். எனவே பதிவேட்டில் பெயர் இல்லை என்பதை, அவர் அங்கே இறக்கவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. பெயர் சூட்டும் முன்பே இறந்த குழந்தைகள் 'சிசு' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுவார்கள். தந்தையின் குடும்பப் பெயரை வைத்துத்தான் அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

1908க்குப் பிந்தைய சான்றிதழ் இதற்கு நேர்மாறாக ஒரு முழுத் தாளை ஒருவருக்கே ஒதுக்குகிறது. தந்தை பெயர், தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், இருவரும் பிறந்த இடம், மருத்துவர் கையெழுத்து, அடக்கம் செய்த இடம், ஈமக் காரியம் நடத்தியவர் என எல்லாம் அதில் உண்டு. தாயின் பிறந்த வீட்டுப் பெயர் கிடைப்பதால் வம்சாவளியில் ஒரு தலைமுறை மேலே ஏற முடிகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே, இரண்டில் ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் நான் சான்றிதழையே கேட்பேன். ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. இறந்த நாளும் காரணமும் மருத்துவர் சொன்னவை. பெற்றோர் விவரமோ 'தகவல் தந்தவர்' சொன்னது. அவர் மகனா, மருமகனா, விடுதி உரிமையாளரா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும். மாமியாரின் தாய் பெயர் தெரியாத மருமகன், தெரியாது என்று சொல்லியிருந்தால் நல்லது. துக்க வீட்டின் பரபரப்பில் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லியிருந்தால், அந்தப் பிழை நூறாண்டு தாண்டியும் வம்சமரங்களில் கிளைவிடும்.

நகரங்களில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. சின்சினாட்டி அடங்கிய ஹாமில்டன் கவுண்டியின் நீதிமன்றக் கட்டடம் 1884 மார்ச் மாதக் கலவரத்தில் எரிந்து, ஏராளமான ஆவணங்கள் அழிந்தன. ஆனால் நகரமே தனியாகப் பிறப்பு, இறப்புகளைப் பதிந்து வந்ததால், 1865 முதல் 1912 வரையிலான அந்தப் பதிவு அட்டைகளைச் சின்சினாட்டி பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. நீதிமன்றம் எரிந்துவிட்டது என்று கேட்டவுடனேயே தேடலைக் கைவிடுவோர் பலர். நகராட்சி, கல்லறை அலுவலகம், தேவாலயம் ஆகிய மூன்றையும் கேட்காமல் கைவிடுவது அவசரம் என்பேன்.

இவற்றை வீட்டிலிருந்தபடி பார்க்க, வம்சாவளித் தேடலுக்கான ஃபேமிலிசர்ச் இணையதளமே முதல் இடம். கணக்குத் தொடங்கக் கட்டணமில்லை; ஒஹாயோவின் கவுண்டிப் பதிவேடுகளும், 1908 முதல் 1953 வரையிலான சான்றிதழ்களும் அதில் படங்களாகவே கிடைக்கின்றன. இங்கேதான் பெயரடைவுக்கும் மூலத்துக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகிறது. பெயரடைவு என்பது யாரோ ஒருவர் பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தது. மருமகளின் பூட்டியின் பெயரை நான் மூன்று நாள் தேடியும் கிடைக்காமல், கடைசியில் பதிவேட்டின் படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது, நீட்டி எழுதிய ஓர் 'எஸ்' எழுத்தை 'எல்' என்று படித்திருந்தது தெரிந்தது. அடைவில் பெயர் கிடைத்தாலும் படத்தைத் திறந்து பார்ப்பதும், கிடைக்காவிட்டால் அதே குடும்பப் பெயரின் முதலெழுத்துப் பகுதியைக் கண்ணால் ஓட்டுவதும் நல்ல பழக்கம். படம் இல்லாத ஆண்டுகளுக்கு உரிய அலுவலகத்துக்கு எழுதலாம். ஒஹாயோவில் இறப்புச் சான்றிதழின் நகலைக் கேட்க உறவினராக இருக்க வேண்டியதில்லை.

மற்றவற்றைத் துணைச் சான்றுகளாகவே கொள்வேன். அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டப் பதிவிலிருந்து எடுத்த சமூகப் பாதுகாப்பு இறப்பு அடைவு பெரும்பாலும் 1962க்குப் பிந்தைய இறப்புகளுக்கே பயன்படும். அதில் பெற்றோர் பெயர் இராது. ஃபைண்ட் எ கிரேவ் தளத்தின் கல்லறைப் படங்கள் மனத்தைத் தொடுபவை என்றாலும், கல் இறப்புக்குப் பல ஆண்டுகள் கழித்து நட்டதாக இருக்கலாம். இரங்கல் செய்திகளுக்கு, ஃப்ரீமாண்ட் நகரிலுள்ள ரதர்ஃபோர்ட் ஹேய்ஸ் அதிபர் நூலகம் நடத்தும் ஒஹாயோ இரங்கல் அடைவு மிக உதவுகிறது; மணமான மகள்கள் எந்தெந்த ஊரில் இருந்தார்கள் என்பதை அரசு ஆவணங்களைவிட உள்ளூர்ச் செய்தித்தாளே தெளிவாகச் சொல்லும்.

ஒஹாயோவில் கற்றதை அப்படியே வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் ஏமாற்றமே மிஞ்சும். பென்சில்வேனியாவில் கவுண்டிப் பதிவு 1893 முதல் 1905 வரையே; 1906 முதல் மாநிலம். மசாசூசெட்ஸில் கவுண்டியைக் கேட்பதே வீண், ஏனெனில் அங்கே பதிவு வைத்தவை ஊர்கள். மாநிலத் தொகுப்பு 1841இலேயே தொடங்குகிறது. மிசூரி, 1910 முதலான சான்றிதழ்களை, ஐம்பது ஆண்டு கடந்ததும், கட்டணமின்றி இணையத்தில் படமாகத் தருகிறது. எல்லை ஓரத்து ஊர்க்காரர்களுக்கு இந்த வேறுபாடு நேரடியாகவே பொருந்தும்: ஒஹாயோ ஆற்றின் வடகரையில் வாழ்ந்து, தென்கரையில் மகள் வீட்டில் இறந்தவரின் பதிவு, அவர் வாழ்ந்த கவுண்டியில் அல்ல, மேற்கு வர்ஜீனியாவிலோ கென்டக்கியிலோ இறந்த கவுண்டியில்தான் இருக்கும். மருமகளின் கொள்ளுத்தாத்தா எங்களுக்குக் கிடைத்ததும் அப்படி அக்கரையில்தான்.