மூணு டோஸ் போட்டாச்சு, டைட்டர் எவ்வளவு? ஆன்டி-எச்பிஎஸ் டெஸ்ட், புதுச்சேரி லேப்களில்

நர்சிங், லேப் டெக்னீஷியன், டயாலிசிஸ் படிக்க புதுச்சேரிக்கு வரும் பிள்ளைகள் ஏராளம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை மூணு டோஸ் போட்டுவிட்டு வார்டுக்குப் போய்விடுகிறார்கள். ஊசி பிடித்ததா என்று காட்டும் ஆன்டி-எச்பிஎஸ் டைட்டர் (ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி அளவு) டெஸ்ட்டைப் பலர் எடுப்பதே இல்லை. ஊரில் உள்ள தனியார் லேப்களில் கிடைக்கும் இந்தச் சேவைக்கு 5-க்கு 4 தருகிறோம். குறைத்த ஒன்று ரிப்போர்ட்டுக்காக.

ரத்தம் கொடுப்பது சுலபம். மஞ்சள் மூடிக் குழாயில் 3 மில்லி போதும், வெறும் வயிறு தேவையில்லை. முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில கருவிகளில் அது டைட்டரைக் குறைத்துக் காட்டும்.

தப்பு நடப்பது கவுன்டரில். ‘ஆன்டி-எச்பிஎஸ்’ என்று எழுதிய சீட்டுக்கு ‘எச்பிஎஸ்ஏஜி’ என்று பில் போட்டுவிடுகிறார்கள். ஒன்று நம் உடம்பு செய்த ஆன்டிபாடியைத் தேடுவது, மற்றது கிருமியின் மேலுறைப் புரதத்தைத் தேடுவது. எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் என்றால் நிம்மதி. ஆன்டி-எச்பிஎஸ் நெகட்டிவ் என்றால் பாதுகாப்பு உறுதியாகவில்லை. பணம் கட்டுமுன் பில்லைப் படியுங்கள்.

ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் அடித்துத் தந்தால் வாங்காதீர்கள், எண் கேளுங்கள். ஒரு மில்லி லிட்டருக்கு 10 மில்லி-யூனிட் எல்லைக்கோடு; அந்த அளவாவது இருந்தால்தான் பாதுகாப்பு. 0, 1, 6 மாதக் கணக்கில் போட்டிருந்தால், கடைசி டோஸுக்கு 1 முதல் 2 மாதத்துக்குள் எடுக்கும் எண்தான் நம்பத் தகுந்தது. பல வருஷம் கழித்து எடுத்து 10-க்குக் கீழே வந்தால், அன்றைக்கே பிடிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. டைட்டர் இறங்கினாலும் உடம்பின் நினைவு இருக்கலாம்.

சரியாகப் போட்டும் நூறு பேரில் ஐந்து முதல் பத்து ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 10 வருவதில்லை. முதலில் ஊசி போட்ட விதத்தைப் பாருங்கள்: தோள் தசைக்குப் பதில் பிட்டத்தில் போட்டார்களா, மருந்து ஃப்ரீசரில் உறைந்ததா? உறைந்தால் அதிலுள்ள அலுமினிய உப்பு திரண்டு மருந்து வீணாகும். 2 முதல் 8 டிகிரிதான் அதற்கு இடம். வயது, புகை, உடல் பருமனும் டைட்டரைக் குறைக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் எண் ஏறாவிட்டால் பிறப்பிலேயே காரணம் இருக்கலாம். கிருமியின் துண்டை டி செல்லுக்கு (எதிர்ப்பைத் தூண்டும் வெள்ளணு) எடுத்துக் காட்டும் எச்.எல்.ஏ மரபணுக்கள் 6-ஆவது குரோமோசோமில் உள்ளன. அதில் டிஆர்பி1 என்ற மரபணுவின் 03, 07 வகை இருப்பவர்களுக்கு இந்தத் தடுப்பூசி பிடிக்காமல் போவது அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆன்டிபாடியின் பெரிய பகுதியான கனச் சங்கிலியை உருவாக்கும் மரபணுக்கள் 14-ஆவது குரோமோசோமில். அவையும் ஆளுக்கு ஆள் மாறும். எச்ஐவி தடுப்பூசிக்கான ஒரு முயற்சியில் 36 பேருக்கு ஊசி போட்டபோது 35 பேருக்கு எதிர்பார்த்த பி செல் (ஆன்டிபாடி செய்யும் வெள்ளணு) வந்தது. வராத ஒருவரிடம் தேவையான மரபணு வகையே இல்லை. தடுப்பூசி செய்பவர்கள் பல ஊர், பல இன மக்களின் மரபணுவைப் பார்க்க வேண்டியது இதனால்தான். எண் குறைந்த பிள்ளையைக் குறை சொல்வது நியாயமில்லை.

சரியான நேரத்தில் எடுத்த எண் 10-க்குக் கீழே என்றால் இன்னொரு மூணு டோஸ், பிறகு மறுபடி டைட்டர். அதன் பிறகும் வராவிட்டால் எச்பிஎஸ்ஏஜி பார்க்க வேண்டும். அதுவும் நெகட்டிவ் என்றால் அவர் ‘நான்-ரெஸ்பாண்டர்’. எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் நோயாளியின் ஊசி அவர் கையில் குத்திவிட்டால், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் எச்பிஐஜி (தயாராக உள்ள ஆன்டிபாடி ஊசி), ஒரு மாதம் கழித்து இன்னொன்று. டைட்டர் ரிப்போர்ட்டைப் படமெடுத்து போனில் வைத்திருங்கள். இரவு டியூட்டி டாக்டர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.