"எஞ்சின் ஃபுல் ரீபில்ட்" என்று சொல்லி விற்ற ஸ்பிட்ஃபயர்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் போன பணம் போனதுதான், இன்னொருவருக்குப் போகக் கூடாது.

அப்பா சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருந்தார். அந்த ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் ட்ரயம்ப் நிறுவனம் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தது, பானெட் மொத்தமாக முன்பக்கம் சாய்ந்து திறப்பது கூட அதே மாதிரி. அதனால் ஒரு மார்க் 3, 1296 சிசி, சிவப்பு நிறம், விற்பனைக்கு வந்திருக்கிறது என்றதும் மனது அங்கேயே விழுந்துவிட்டது. பெயின்ட் கண்ணாடி போல இருந்தது. எஞ்சின் முழுக்கப் பிரித்து வேலை பார்த்தது, புது பேரிங், கார்புரேட்டர் இரண்டும் சர்வீஸ் ஆனது என்று விற்ற கடைக்காரர் சொன்னார். பில் கேட்டேன், "ஃபைலில் இருக்கும், அனுப்புகிறேன்" என்றார். இன்றுவரை வரவில்லை.

வாங்கிய இரண்டாவது வாரமே ஆரம்பித்தது. குளிரில் ஸ்டார்ட் ஆகும், சூடானதும் ஐட்லிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) நிமிஷத்துக்கு 1200 சுற்றுக்கும் 700-க்கும் நடுவில் ஊசலாடும், 3000-ஐத் தாண்டினால் மிஸ்ஸிங் (எஞ்சின் விட்டு விட்டு எரிவது), சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். விற்ற கடைக்காரரிடமே கொண்டு போனேன். முதல் தடவை "கார்புரேட்டர் ட்யூனிங்", அப்புறம் "புது காயில்", மூன்றாவது தடவை மறுபடியும் கார்புரேட்டர். அதெல்லாம் வாரன்டியில் வராது என்று ஒவ்வொரு தடவையும் காசு வாங்கினார், மொத்தம் 680 பவுண்ட். வண்டி அப்படியேதான் இருந்தது.

கடைசியில் பழைய ட்ரயம்ப் வண்டிகளிலேயே ஊறிப்போன ஒரு பெரியவரிடம் போனேன். அவர் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. முதலில் டேப்பட் கேப் (வால்வுக்கு விடும் இடைவெளி) பார்த்தார், 10 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருந்தது. சிலிண்டர்களுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே சுழலும் ரோட்டரை எடுத்துக் காட்டினார், மட்டமான டூப்ளிகேட், பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் வழியாக ஸ்பார்க் உள்ளேயே ஷாஃப்ட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. மிஸ்ஸிங்குக்குக் காரணம் அதுதான், ஒரு சின்ன பாகம்! அப்புறம் எஞ்சின் ஓடும்போதே இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டரின் த்ராட்டில் ஸ்பிண்டில் (காற்றுத் தகட்டைத் தாங்கித் திரும்பும் தண்டு) ஓரத்தில் ஸ்ப்ரே அடித்தார், சத்தம் உடனே மாறியது. ஸ்பிண்டில் தேய்ந்து காற்று உள்ளே போகிறது. சர்வீஸ் ஆன கார்புரேட்டராம்! ஸ்பிண்டிலை மாற்றாமல் மிக்ஸ்சரை எவ்வளவு திருகினாலும் அந்த ஐட்லிங் நிற்காது.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். பெரியவர் எஞ்சினை அணைத்துவிட்டு, "நீ உட்கார்ந்து கிளட்சை மிதி" என்றார். அவர் முன்னால் குனிந்து கிராங்க் (எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டு) முனையில் இருக்கும் புல்லியைப் பார்த்தார். மிதிக்கும்போதெல்லாம் புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் வந்து, விட்டதும் பின்னால் போனது. டயல் கேஜ் வைத்து அளந்தால் அந்த அசைவு 30 தௌ. இருக்க வேண்டியது 4 முதல் 8. சம்ப்பை (எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) கழற்றிப் பின்பக்க மெயின் பேரிங் மூடியைத் திறந்தோம். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும், அரைவட்டமாக இருக்கும் த்ரஸ்ட் வாஷரை மாற்றித் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ஆயில் பள்ளம் உள்ள பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும், இங்கே அது பிளாக்கைப் பார்த்து இருந்தது, இரும்புப் பக்கம் கிராங்கை அரைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. சம்ப் அடியில் விரலை வைத்து எடுத்தால் சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் வாஷர் கீழே விழுந்து கிராங்க், பிளாக் இரண்டுமே போயிருக்கும். எஞ்சினை இறக்கி, கிராங்க் முகத்தைக் கடைந்து, ஓவர்சைஸ் வாஷர் போட்டு ஏற்ற 2,300 பவுண்ட் ஆனது.

வாங்கப் போகிற வண்டியைப் பார்க்கும்போது இந்தக் கிளட்ச்-புல்லி சோதனையைக் கண்டிப்பாகச் செய்யுங்கள், கருவியே வேண்டாம், உடன் ஒரு ஆள் போதும். விற்பவர் தடுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். நாலு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவையும் எழுத்தில் கேளுங்கள். 40 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்.ஓ.டி. (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை, அதனால் வேறு யாரும் உங்களுக்காகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பணம் விஷயத்திலும் நான் ஏமாந்தேன். முழுத் தொகையும் பேங்க் டிரான்ஸ்ஃபர். முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் கார்டு கம்பெனியிடமும் கேட்டிருக்கலாம். வியாபாரியிடம் வாங்கிய பொருளில் குறை இருந்தால் முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. அதற்குப் பிறகும் ஒரு ரிப்பேரில் சரியாகவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. இது தெரியாமல் நான் மூன்று தடவை காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

10,000 பவுண்ட் வரை ஸ்மால் கிளெய்ம்ஸில் (சிறு தொகை வழக்குகளுக்கான எளிய நீதிமன்ற முறை) வழக்குப் போடலாம், போட்டிருக்கிறேன். கழற்றிய வாஷர், ரோட்டர், ஸ்பிண்டில் எல்லாவற்றையும் தேதி எழுதி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். வண்டி இப்போது 800-ல் ஆடாமல் நிற்கிறது. நேற்று 60 மைல் ஓட்டினேன், ஒரு சிக்னலிலும் அணையவில்லை.