பூங்காவா, பள்ளிக்கூடமா? மலையகத்தில் காசு முதலில் எங்கே போக வேண்டும்

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் எதைக் கட்டப் போனாலும் முதலில் எழும் கேள்வி, சமதரை எங்கே என்பதுதான். நான்கு வகுப்பறைக் கட்டடமோ பிள்ளைகள் ஓடி விளையாட ஓர் இடமோ வேண்டுமென்றால் மண்ணை வெட்டி, தரையை மட்டமாக்கி, தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். மற்ற வேலையெல்லாம் அதற்கு அப்புறம்தான். அதனால் இங்கே பூங்காவும் பள்ளிக்கூடமும் காசுக்கு மட்டும் போட்டி போடவில்லை, ஒரே துண்டு நிலத்துக்கும் போட்டி போடுகின்றன.

ஆனால் காசு வருகிற பை வேறு வேறு. தோட்டப் பாடசாலைகளில் அநேகமானவை மாகாண சபையின் கீழ் வருகின்றன. பூங்கா, மைதானம், நூலகம் எல்லாம் பிரதேச சபை, நகர சபை, மாநகர சபையின் வேலை. "அந்தக் காசில் பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாமே" என்று கேட்டால் சபை உறுப்பினர் கையை விரிப்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உண்மையான போட்டி பாராளுமன்ற உறுப்பினர்களுக்குத் தங்கள் பகுதி வேலைகளுக்காகக் கிடைக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலும், தோட்ட உட்கட்டமைப்புக்குப் பொறுப்பான அமைச்சின் நிதியிலும்தான் நடக்கிறது. அந்தக் காசு எந்தப் பக்கமும் போகலாம்.

முதலில் நகரப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். நுவரெலியா விக்டோரியா பூங்கா 1897இல் மகாராணியின் வைரவிழாவையொட்டிப் பெயர் பெற்றது. பக்கத்தில் உள்ள கிரகரி வாவி 1873இல் ஆளுநர் கிரகரியின் காலத்தில் உருவானது. இரண்டுமே ஊருக்குப் பெருமை. விக்டோரியா பூங்காவில் விடிகாலையில் நின்றால் ஆறுமணிக்குருவியைப் பார்க்கலாம். அதைத் தேடி வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் கமராவோடு வருகிறார்கள். ஏப்ரல் சீசனில் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். இந்தப் பூங்காக்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசலில் டிக்கெட் விற்கிற இடம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்கிறேன். ஒரு தோட்டக் குடும்பம் ஐந்து பேராக பஸ் ஏறி வந்து, டிக்கெட் எடுத்து, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அவர்களுடைய பங்கில் வந்த பொதுப்பணத்தை அந்தப் பூங்காவுக்கு மறுபடியும் கேட்பது சரியில்லை.

பள்ளிக்கூடத்தின் கதை வேறு. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பிள்ளைகளுக்கு அது வந்து சேரவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். அதற்குப் பிறகு சுவீடன் அரசின் 'சீடா' (SIDA) நிறுவன உதவியில் எழுந்த கட்டடங்களை இன்றைக்கும் சில ஊர்களில் 'சீடா பில்டிங்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த முப்பது வருடப் பின்னடைவை யாரும் இன்னும் முழுதாக ஈடுசெய்யவில்லை. நான் பள்ளிக்கூடத்தை முதலில் வைப்பதற்கு இதுவே போதும்.

ஆனால் பள்ளிக்கூடத்துக்கு என்று வருகிற காசும் எதற்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். போன வருடம் ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போயிருந்தேன். புது மாடிக் கட்டடம், வாசலில் திறந்து வைத்தவர்களின் பெயர் பொறித்த பளிங்குக் கல். பின்பக்கம் மலசலகூடம், ஆறு அறைகள். குழாயைத் திருகினேன், காற்றுதான் வந்தது. கதவோரம் ஒரு நீல பரல். மேலே மலைத்தண்ணீர் விழும் பீலியிலிருந்து பெரிய வகுப்புப் பையன்கள் வாளியில் தண்ணீர் சுமந்து வந்து அதை நிரப்புகிறார்கள். பத்தரை மணி இடைவேளைக்குள் பரல் காலி. "மாசத்துல நாலஞ்சு நாளு பெரிய பொம்பளப் பிள்ளைங்க வர்றதே இல்ல சேர்" என்றார் அங்கிருந்த ஆசிரியை. அந்தப் பளிங்குக் கல்லைப் பார்த்துக்கொண்டே நான் நின்றேன். ஒரு தாங்கியும் கொஞ்ச தூரத்துக்குக் குழாயும் போதும். ஆனால் அதற்குத் திறப்பு விழா வைக்க முடியாது, ரிப்பன் கட்ட முடியாது.

ஆய்வுகூடமும் அப்படித்தான். தோட்டப் பகுதியில் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் உள்ள பாடசாலைகள் குறைவு. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்த பிள்ளை ஒன்றில் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ பஸ் ஏற வேண்டும், இல்லாவிட்டால் கலைப்பிரிவில் சேர வேண்டும். இந்தப் பாடங்களுக்கு ஆசிரியர் தேடும் நாட்டில்தான், மலையக இளைஞர்களை ஆசிரியர் உதவியாளர்களாக எடுத்து மாதம் 6,000 ரூபாவில் பல காலம் நிறுத்தி வைத்தார்கள்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) மூடியபோது, உயிர் தப்பியவர்கள் தங்கியது பள்ளிக்கூடங்களில்தான். மழைக்காலத்தில் மலை நகரத் தொடங்கினால் எங்கள் சனம் ஓடுவதும் அங்கேதான். உறுதியான கூரையும் தண்ணீரும் உள்ள பாடசாலை படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, முழுத் தோட்டத்துக்கும் பாதுகாப்பு.

சரி, அப்போ பிள்ளைகள் விளையாட வேண்டாமா? கட்டாயம் விளையாட வேண்டும். லயத்துக் காம்பராவில் ஆறு பேர் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு வெளியில் ஓர் இடம் இல்லையென்றால் அது எங்கே போகும்? இப்போது கிரிக்கெட் நடப்பது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்திலும் கோயில் முற்றத்திலும் ரோட்டிலும்தான். பந்து தேயிலைக்குள் விழுந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. பூங்கா என்ற பெயரில் ஒரு ரூபா செலவு செய்வதானால் அது இந்தப் பிள்ளைகளின் தோட்ட மைதானத்துக்கு வர வேண்டும்.

பல வருடமாக அது வராததற்குச் சட்டமும் ஒரு காரணம். தோட்டக் காணிக்குள் பிரதேச சபை செலவு செய்ய முடியாது என்று சொல்லியே எங்கள் வாக்கை வாங்கிக்கொண்டு டவுனில் வேலை செய்தார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு அந்தச் சாக்குக்கு இடமில்லை. அதே வருடம்தான் அம்பகமுவயிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா சபைகள் பிரிந்து வந்தன. சபை பக்கத்தில் வந்துவிட்டது, மைதானம் இன்னும் வரவில்லை.

மைதானத்துக்கும் குறை உண்டு. மஸ்கெலியா பக்கம் மே மாதத்திலிருந்து மழை பிடித்தால் பல வாரம் கால் வைக்க முடியாது. வடிகால் இல்லாமல் மண்ணை வெட்டிப் போட்டால் அடுத்த வருடம் கீழ் லயத்துக்கு ஆபத்து. ஆகவே மைதானம் பாடசாலைக் காணியை ஒட்டி அமைய வேண்டும். இரண்டுக்கும் ஒரே தடுப்புச் சுவர் போதும், மைதானம் பகலில் பாடசாலைக்கும் மாலையில் தோட்டத்துக்கும் பயன்படும். கேட்டைப் பூட்டி வைக்கிற அதிபர்களோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கும்.

சபைகள் அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தை வருடக் கடைசியில்தான் போடுகின்றன. எங்கள் டிவிசனில் (தோட்டப் பிரிவில்) இந்த முறை எழுதிக் கொடுப்பதற்காக ஒரு கடிதம் தயாராகிறது. முதல் வரி பாடசாலைக்குத் தண்ணீர்த் தாங்கி. இரண்டாவது, மைதானத்தின் கீழ்ப்பக்கம் தடுப்புச் சுவரும் வடிகாலும். ஊஞ்சலும் சறுக்கு மரமும் கேட்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அதை மூன்றாவதாக எழுதியிருக்கிறோம்.