சால்வரும் நொடி முள்ளும்: மூணு வருசத்துல உதாருக்கு அளவு பிடிபட்டதா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருந்தார்: "போக்கர் சால்வர் விலை குறைஞ்சிருக்காமே, வாங்கலாமா? எவ்வளவு உதார் விடணும்னு அது சொல்லித் தருமா?" மூணு வருசமா அதைப் பயன்படுத்துறதால கொஞ்சம் விரிவாவே சொல்லிடுறேன். சால்வர்னா, போக்கர்ல எந்தக் கையை எப்படி ஆடணும்னு கணக்குப் போட்டுச் சொல்ற சாப்ட்வேர். உதார்னா, தேறாத கையை வச்சுப் பந்தயம் போட்டு எதிராளியை மிரட்டுறது. சால்வரை எப்படி கம்ப்யூட்டர்ல ஏத்தணும்ங்கிறதை இங்க சொல்லலை. இன்னொண்ணு, ஆன்லைன்ல காசு வச்சு ஆடுறதுக்கு 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டம் தடை போட்டாச்சு. இங்க பேசுறது திண்ணையிலயும், சாரல் காலத்துல குற்றாலத்து அறையிலயும் வெறும் காயை வச்சு ஆடுற ஆட்டம்.

உதார் அளவை அது சொல்லித் தருமான்னா, தரும். துல்லியமாவே தரும். ஆளுக்குக் கையில ரெண்டு சீட்டு, தரையில எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு; அதுல கடைசிச் சீட்டான ரிவர் விழுந்தாச்சு, நடுவுல 100 காய் கிடக்கு. நீங்க 50 போட்டா, எதிராளி 50 கொடுத்து 150-ஐப் பிடிக்கப் பாக்கணும். நீங்க பந்தயம் போடுற கைகள்ல நாலுல ஒண்ணு உதாரா இருந்தா, அவர் கால் பண்ணாலும் (அதே அளவு காயைப் போட்டுச் சீட்டைப் பாத்தாலும்) ஒண்ணுதான், கவுத்தாலும் (சீட்டைப் போட்டுட்டு விலகினாலும்) ஒண்ணுதான். 100 போட்டா மூணுல ஒண்ணு உதார். 200 போட்டா அஞ்சுல ரெண்டு. பந்தயம் பெருசானா உதாரைக் குறைக்கணும்னுதான் புதுசா ஆடுறவங்க நினைப்பாங்க. உண்மை நேர் தலைகீழ்: பெரிய பந்தயத்துக்குத்தான் உதார் அதிகமா தாங்கும்.

இந்த "மூணுல ஒண்ணு"வைப் பலபேர் தப்பா எடுத்துக்கிறாங்க, அங்கதான் காய் கரையுது. அது பந்தயம் போடுற மொத்தக் கையில மூணுல ஒண்ணு. தேறாத கை மூணு வந்தா ஒண்ணை வச்சு மிரட்டுங்கிற அர்த்தமில்லை. ஒரு உதாரணம் பாருங்க. தரையில இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ஒன்பது, டைமன் நாலு, கிளாவர் ஏழு, ஆட்டின் ரெண்டு. நீங்க நிஜமாவே பலத்தோட பந்தயம் போடுற கைகள்: ஏஸ்-ராஜா 12 விதம், கையிலயே ஒன்பது ஜோடி 3, ஏழு ஜோடி 3, நாலு ஜோடி 3. மொத்தம் 21. நடுவுல இருக்கிற அளவுக்கே பந்தயம்னா, 21-க்குப் பாதி, பத்தரை கை உதார் சேத்துக்கலாம். தேறாமப் போன கை உங்ககிட்ட 40 விதம் இருக்குன்னு வச்சுக்கோங்க. அப்ப அந்த நாப்பதுல பத்தரைதான், அதாவது 26 சதவீதம். இதே இடத்துல பாதிப் பந்தயம்னா, அதாவது நடுவுல இருக்கிறதுல பாதியைப் போட்டா, 7 கை, 17.5 சதவீதம். 33-னு மனப்பாடம் பண்ணிட்டு தேறாத கைக்கெல்லாம் அதையே போடுறவர், நாப்பதுல பதிமூணு கையை வச்சு மிரட்டிட்டிருப்பார். எதிராளிக்குக் கண்ணை மூடிட்டு கால் பண்ண அதுபோதும்.

சரி, நாப்பதுல எந்தப் பத்து? சால்வர் காசுக்குப் பெருமானம் காட்டுறது இங்கதான். நடுத்தரக் கையை விட்டுட்டு இருக்கிறதுலயே மோசமான கையை வச்சு மிரட்டணும்னு கணித மேதை ஜான் வான் நியூமன் 1944-லயே கணக்குப் போட்டுக் காட்டிட்டார். மோசமான கைக்குள்ளயும் எதுன்னு சொல்றது சால்வர். மேல சொன்ன தரையில இஸ்பேட் ஜாக்கி-பத்தைக் கொடுத்துப் பாருங்க, பெரும்பாலும் பந்தயம் போடாம சும்மா செக் பண்ணச் சொல்லும். ஆட்டின் ஜாக்கி-பத்தைக் கொடுங்க, பந்தயம் போடச் சொல்லும். ரெண்டும் ஒண்ணுக்கும் உதவாத கைதான், ரெண்டுமே வரிசை சேர எட்டையோ ராணியையோ எதிர்பாத்து ஏமாந்ததுதான். வித்தியாசம் என்னன்னா, எதிராளி கையில கவுத்துப் போடத் தோதா இருக்கிறது அஞ்சு இஸ்பேட் சேரும்னு காத்திருந்து தேறாமப் போன அவரோட இஸ்பேட்டுகள். அந்த இஸ்பேட்டு உங்க கையில இருந்தா அவர்கிட்ட இருக்க வாய்ப்புக் குறையுது. அவர் கவுக்கக்கூடிய சீட்டை நீங்களே பிடிச்சு வச்சுட்டு அவரைக் கவுக்கச் சொன்னா எப்படி நடக்கும்? பத்து வருசம் ஆடுறவங்களும் இஸ்பேட் தேறலைன்னதும் உடனே மிரட்டத்தான் கை போகும். இந்த ஒரு விசயத்தைக் கத்துக் கொடுத்ததுக்காகவே சால்வரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

26 சதவீதம்னு அது சொல்லிடுது, திண்ணையில உக்காந்துட்டு 26 சதவீதத்தை எப்படி ஆடுறது? அதுக்குத்தான் நொடி முள். ரிவர் விழுந்ததும் வாட்ச்சைப் பாருங்க. தேறாத கைன்னா, முள் 0-லிருந்து 15-க்குள்ள இருந்தா பந்தயம், இல்லேன்னா செக். 17.5-க்குப் பத்து நொடி. மனசை நம்பினா நடக்காது; ஒருதடவை மாட்டினவர் அடுத்த ஒரு மணிநேரம் உதாரே விடமாட்டார், ஜெயிச்சவர் நிறுத்தவே மாட்டார். முள்ளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆனா ஒரு ஒழுங்கு வேணும்: நல்ல கைக்கும் மோசமான கைக்கும், ரிவர் விழுந்த உடனே, ஒவ்வொரு தடவையும் பாக்கணும். யோசிக்கும்போது மட்டும் பாத்தா ரெண்டே ராத்திரியில ஆளுங்க கண்டுபிடிச்சிருவாங்க.

இனி மனசுல கிடக்குற எரிச்சலைச் சொல்லிடுறேன். இந்த சால்வர் எதிராளியையும் தன்னைப் போலவே நினைக்குது. பாதிப் பந்தயத்துக்கு அவர் மூணுல ஒரு தடவை கவுப்பார்ங்கிறது அதோட கணக்கு. நம்ம பக்கத்து ஆட்டத்துல கவுக்கிறவர் யாரு? மூணு சீட்டுல ஊறின கை எல்லாம். ரெண்டுபேர் மிஞ்சினா ஷோ கேட்டுப் பாத்துட்டுத்தான் எந்திரிப்பாங்க. "மிரட்டுதாம்ல, என்னதான் வச்சிருக்கான்னு பாத்துருவோம்"னு 80 சதவீதம் கால் பண்ற ஆள்கிட்ட 50 காயை உதாருக்குப் போட்டா, இருபது சதவீதத்துல 100 கிடைக்கும், எண்பது சதவீதத்துல 50 போகும். ஒவ்வொரு உதாருக்கும் சராசரி 20 காய் நட்டம்.

அதைத் திருத்த, எதிராளி இப்படித்தான் ஆடுவார்னு நாமளே சொல்லி அவர் ஆட்டத்தைப் பூட்டி வச்சுக் கணக்குப் போடுற வசதி இருக்கு. அது இன்னும் மோசம். பாதிப் பந்தயத்துக்கு அவர் 70 சதவீதம் கால் பண்ணுவார்னு பூட்டினா, உதாரே வேண்டாம்ங்கும். 60-னு பூட்டினா நாப்பது கையையும் அள்ளிப் போடுங்கும். நடுவுல எதுவுமே கிடையாது. ஒருத்தர் 60-ஆ 70-ஆன்னு பாத்தே கண்டுபிடிக்க முடியுமா? ஒரு ராத்திரியில அவர் ரிவர்ல பந்தயத்தைச் சந்திக்கிறதே விரல்விட்டு எண்ணுற அளவுதான். மூணுபேர், நாலுபேர் ரிவர் வரைக்கும் வர்ற ஆட்டம்னா இன்னும் சிக்கல். பாதிப் பந்தய உதார் ஒத்தை ஆள்கிட்ட பலிக்க அவர் 33 சதவீதம் கவுத்தாப் போதும். எதிர்ல ரெண்டுபேர்னா ஆளுக்கு 58, மூணுபேர்னா ஆளுக்கு 69. இத்தனை காசு வாங்கின என்னோட சாப்ட்வேர் ரெண்டுபேர் ஆட்டத்தைத் தாண்டி வரவே வராதுங்கிறதை நினைச்சா இன்னைக்கும் கோபம்தான் வருது.

சில்லறை விசயங்கள்: முதல் மூணு சீட்டிலிருந்து கணக்குப் போட்டா பழைய லேப்டாப் திணறும். ரிவரை மட்டும் தனியாப் போட்டா நொடியில முடியும், உதாருக்கு அது போதும். பெரிய கணக்கு ஓடுறப்ப அப்பப்ப சேமிச்சு வைங்க, பராமரிப்புன்னு கரண்ட் போனா எல்லாம் போச்சு.

ஆட்டத்தைத் திருத்துறது சால்வரைத் திருத்துறதை விட சுலபம். ஆளுக்கு 200 காய், பிளைண்ட் (சீட்டுப் போடுறதுக்கு முன்னாடியே ரெண்டுபேர் கட்டாயமா வைக்கிற காய்) 1-2, தீந்தா அன்னைக்கு ராத்திரி வேடிக்கைதான், திரும்பக் காய் கிடையாது. இப்படி வச்சாலே கவுக்க ஆரம்பிப்பாங்க. கேட்டா காய் கொடுக்கிற இடத்துல யாரும் பயப்படமாட்டாங்க, அங்க உதாரை அறவே விட்டுட்டு, ராஜா ஜோடிக்குக்கூட மூணு தடவை பந்தயம் போடுங்க.

அதனால அண்ணாச்சி, விலை குறைஞ்சாலும் வாங்காதீங்க. இஸ்பேட்டு விசயத்தை மேலயே சொல்லிட்டேன், மேல சொன்ன சதவீதங்களையும் ஒரு தாள்ல எழுதிக்கோங்க. அந்தக் காசுல ஒரு வாட்ச் வாங்குங்க. பேட்டரி வாட்ச்சா, முள் நொடிக்கு நொடி நின்னு நின்னு ஓடுறதா பாத்து வாங்குங்க. சாவி கொடுக்கிற வாட்ச்சுல முள் வழுக்கிட்டே போகும், பதினஞ்சா பதினாறான்னு உத்துப் பாத்துட்டு இருந்தா எதிர்ல இருக்கிறவருக்குத் தெரிஞ்சிரும்.