செங்குன்றம் பக்கம் முதியோர் இல்லம் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய வண்ணாரப்பேட்டையில் மாடிவீட்டில் குடியிருக்கும் எங்களுக்கு, எழுபத்தெட்டு வயது அம்மா சென்ற நவம்பரில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது, அறுவை சிகிச்சையை விடப் பெரிய கவலை அந்தப் பதினெட்டுப் படிகள்தான். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். திருவொற்றியூரில் இருக்கும் அக்காவின் வீடும் மாடியில்தான். மூன்று நான்கு மாதம் நல்ல பராமரிப்பில் இருந்து நடக்கத் தொடங்கியதும் அழைத்து வந்துவிடலாம் என்று முடிவெடுத்து இடம் தேடினோம். எங்களுக்கு முன்பு வாடகை வீடு பார்த்துக் கொடுத்த தரகரே, "அண்ணே, இப்ப அதுவும் நாமதான் பாக்கறோம்" என்று சொல்லிச் செங்குன்றத்தில் உள்ள ஓர் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். அவருக்கு அந்த இல்லம் ஒரு மாதக் கட்டணத்தில் பாதியைக் கமிஷனாகத் தருகிறது என்பது மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது. இல்லத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, வழக்கு நடக்கிறது.

நாங்கள் பார்க்கப் போனது அவர்கள் சொன்ன நேரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. தரை பளிச்சென்று இருந்தது, சாம்பார் வாசனை வந்தது, வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டு மூன்று சான்றிதழ்கள் மாட்டியிருந்தார்கள். அவற்றை நான் நின்று படித்திருந்தால் இந்தப் பதிவுக்கே அவசியம் இருந்திருக்காது. ஒன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அறக்கட்டளைப் பத்திரத்தின் நகல், இன்னொன்று சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு, மூன்றாவது யோகா பயிற்சிச் சான்று. முதியோர் இல்லம் நடத்துவதற்கு இவற்றில் எதுவும் அனுமதி ஆகாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன்படி மாவட்ட சமூக நல அலுவலகத்தின் வழியாகப் பெற வேண்டிய பதிவு தனி. அந்தக் காகிதம் அங்கே இல்லை. ஏன் இல்லை என்று நானும் கேட்கவில்லை.

முன்பணம் 75,000 ரூபாய், மாதம் 22,000 ரூபாய் என்று பேசி, டிசம்பர் 18 அன்று அம்மாவைச் சேர்த்தோம். ஒப்பந்தம் என்று ஆறு பக்கம் நீட்டினார்கள். அம்மா சக்கர நாற்காலியில் காத்திருக்க, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். நான்காம் பக்கத்தில் 'குறைந்தபட்சத் தங்கல் ஆறு மாதம்' என்பதும், 'தேவைக்கேற்பப் பராமரிப்பு நிலை மறுமதிப்பீடு செய்யப்படும்' என்பதும் இருந்தன. அந்த மறுமதிப்பீட்டை யார் செய்வார்கள், எதை வைத்துச் செய்வார்கள் என்று ஒரு வரியும் இல்லை.

ஜனவரி 18 அன்று வந்த பில் 40,185 ரூபாய். அடுத்த மாதக் கட்டணம் 22,000, 'உயர்நிலைப் பராமரிப்பு' 6,000, பிசியோதெரபி பதினாறு முறைக்கு 8,000, நாளைக்கு மூன்று வீதம் தொண்ணூற்று மூன்று டயப்பருக்கு 4,185. கூட்டல் சரியாகத்தான் இருந்தது. பிசியோதெரபி வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பதினாறு கையெழுத்தும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டவை போல இருந்தன. அவற்றில் ஒன்று பொங்கல் அன்று போட்டது. அன்று சர்க்கரைப் பொங்கலோடு காலை ஒன்பது மணிக்குப் போய் மாலை ஆறு வரை அம்மாவின் கட்டில் அருகிலேயே உட்கார்ந்திருந்தவன் நான். பிசியோதெரபி செய்ய ஒருவரும் வரவில்லை.

அக்கா என்னைவிடக் கூர்மை. அடுத்த சனிக்கிழமை காலை அம்மாவுக்கு மாற்றிய டயப்பரின் இடுப்புப் பட்டையில் பேனாவால் சின்னதாக ஒரு புள்ளி வைத்துவிட்டு வந்தார். இரவு எட்டு மணிக்குத் திரும்பப் போனபோது அந்தப் புள்ளி அப்படியே இருந்தது. "ராத்திரில யாரும் வர்றதில்லம்மா, பெல்ல அழுத்தி அழுத்திப் பாத்துட்டேன்" என்று அம்மா அக்காவிடம் சொன்னார். கட்டிலோரம் தொங்கிய அழைப்பு மணியின் ஒயரை அக்கா இழுத்துப் பார்க்க, மறுமுனை எதிலும் சேராமல், கறுப்பு டேப் சுற்றி, அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. பதினான்கு பேருக்கு இரவில் ஒரே ஓர் ஆயா. அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஜனவரி 27 அன்று அம்மாவை அழைத்து வந்தபோது முதுகின் அடிப்பகுதியில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் படுக்கைப் புண் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்திருந்தால் இது வந்திருக்காது என்றார் மருத்துவர். முன்பணத்தைக் கேட்டதற்கு, ஆறு மாதம் முடியாததால் பிடித்தம், கட்டில் சுத்தம் செய்ததற்குப் பிடித்தம் என்று கணக்குச் சொல்லி 9,500 ரூபாயை மட்டும் அனுப்பினார்கள்.

புகாரோடு ராஜாஜி சாலையில் உள்ள சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால், அந்த இடம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது, அங்கேதான் மனு கொடுக்க வேண்டும் என்றார்கள். மாதவரம் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது, செங்குன்றம் சேரவில்லை. வட சென்னைக்காரர்கள் புழல் தாண்டி இடம் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு உண்டா என்று முன்கூட்டி விசாரிக்க வேண்டியதும் அந்த மாவட்டத்துச் சமூக நல அலுவலகத்தில்தான். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற கட்டணமில்லா எண்ணில் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை பேசலாம். யாரிடம், எப்படி மனு எழுத வேண்டும் என்பதை எனக்குப் பொறுமையாகச் சொன்னது அங்கிருந்தவர்கள்தான்.

பணத்துக்கு நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார் தருபவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால், இல்லம் திருவள்ளூரில் இருந்தாலும் நாங்கள் வட சென்னை ஆணையத்தில் தாக்கல் செய்தோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பதிவேட்டின் பக்கங்களையும், ஒயரையும், புண்ணையும் கைப்பேசியில் தேதியோடு படம் எடுத்து வைத்திருந்தது இப்போது கைகொடுக்கிறது.

அம்மா இப்போது தண்டையார்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு எடுத்த தரைத்தள வீட்டில் இருக்கிறார். பகலில் ஓர் உதவியாளர் உண்டு. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வைத்ததில், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறார். அந்த இல்லத்தில் ஒரு முறைக்கு ஐந்நூறு ரூபாய் பில் போட்ட அதே பயிற்சி.

சென்ற வாரம் மனு விஷயமாக அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். அதே கட்டடம், அதே பச்சைக் கேட், பலகையில் மட்டும் வேறு பெயர்.