370இசட் ஆயில் கூலர் லைன்: நாலு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

ஆயில் கூலர், அதாவது எஞ்சின் ஆயிலைக் குளிரவைக்கும் சின்ன ரேடியேட்டர், போட்டிருக்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது எத்தனை ரோ (ஆயில் ஓடும் அடுக்கு) என்றுதான். 19-ஆ, 25-ஆ, 34-ஆ? ஹோஸ் எந்த வழியாகப் போகிறது, எங்கே கட்டியிருக்கிறாய் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. எனக்கு வந்த சிக்கல் எல்லாமே ஹோஸில்தான் வந்தது, கூலரில் ஒன்றுகூட இல்லை. அதனால் இதில் பெரும்பகுதி லைன் பற்றித்தான் இருக்கும்.

கார் 2010 மாடல் நிஸான் 370இசட், ஆறு கியர் மேனுவல். இருப்பது ஹூஸ்டனில். தினமும் வேலைக்கு இதில்தான் போய்வருகிறேன். வருடத்துக்கு ஏழெட்டு முறை ரேஸ் ட்ராக். பெரும்பாலும் ஆங்கிள்டனில் இருக்கும் எம்எஸ்ஆர் ஹூஸ்டன், முடிந்தால் வருடத்தில் ஒருமுறை ஆஸ்டினுக்குப் போய் சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ். 3.7 லிட்டர் வி6, 332 குதிரைத்திறன், 7,500 ஆர்பிஎம் வரை தாராளமாகச் சுற்றும் எஞ்சின், அப்படிச் சுற்றும்போது ஆயில் சூடாவது இயற்கைதான்.

டேஷ்போர்டின் நடுவில் இருக்கும் மூன்று சின்ன மீட்டர்களில் ஒன்று ஆயில் டெம்பரேச்சர் காட்டும், அதை வைத்தே கணக்கு சொல்கிறேன். ரோட்டில் 200 முதல் 220 டிகிரி ஃபாரன்ஹீட், அதில் பயமில்லை. ட்ராக்கில், டெக்சாஸ் ஜூன் மாத வெயிலில், நாலாவது சுற்றிலேயே 260 தாண்டிவிடும். ஏறக்குறைய 280-ஐத் தொட்டதும், அதாவது 138 செல்சியஸ், கம்ப்யூட்டர் ஆர்பிஎம்மைக் குறைத்துவிடும். லிம்ப் மோட் என்பார்கள். அதைக் காரின் குறை என்று நான் சொல்லமாட்டேன், பேரிங்கைக் காப்பாற்றத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் 20 நிமிட செஷனுக்குப் பணம் கட்டிவிட்டு 12-வது நிமிடத்தில் பிட்டுக்குத் திரும்புவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். கூலர் போட முடிவு செய்தது அதனால்தான்.

அமைப்பு எளிது. ஆயில் ஃபில்டர் உட்காரும் இடத்தில், எஞ்சினுக்கும் ஃபில்டருக்கும் நடுவே சாண்ட்விச் பிளேட் என்று ஒரு அலுமினியத் தட்டு. அதிலிருந்து ஒரு ஹோஸ் வழியாக ஆயில் பம்பருக்குப் பின்னால் இருக்கும் கூலருக்குப் போகும், இன்னொன்று வழியாகத் திரும்பி வரும். பிளேட்டுக்குள் ஒரு தெர்மோஸ்டாட், 80 செல்சியஸ் பக்கம் வந்தால்தான் முழுதாகத் திறக்கும். மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஆயிலைக் கூலருக்கு விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் திறக்கும் நேரத்தில் கூலர் காலியாக இருக்காது. தெர்மோஸ்டாட் இல்லாத பிளேட்டை தினமும் ஓட்டும் காருக்கு வாங்க வேண்டாம். ஆயில் போதுமான சூட்டுக்கு வரவில்லை என்றால் அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் அதிலேயே தங்கிவிடும், குளிர்காலத்தில் சின்னச் சின்ன தூரம் ஓட்டுகிறவர்களுக்கு தெர்மோஸ்டாட் கட்டாயம்.

முதல் முறை நானே செய்யவில்லை. 25 ரோ கூலர், ஸ்டீல் பின்னல் போட்ட ஏஎன்-10 (ஏஎன் என்பது ஹோஸ், ஃபிட்டிங் வகை, 10 அதன் அளவு) ஹோஸ், அதன் முனையில் திருகும் ஃபிட்டிங் எல்லாம் ஒரே பெட்டியில் வந்த கிட்டை வாங்கி, பக்கத்தில் ஒரு ஷாப்பில் கொடுத்தேன், பேர் வேண்டாம். ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார்கள், பார்க்க அழகாக இருந்தது, சூடும் குறைந்தது. ஏழு மாதம் சந்தோஷமாக ஓட்டினேன்.

ஆஸ்டின் போவதற்கு முந்தைய நாள் ராத்திரி ஆயில் மாற்றலாம் என்று காரை ஏற்றி நிறுத்தி அடியில் போனால், கூலர் பக்கத்து ஃபிட்டிங்கில் ஆயில் கசிந்து தூசியோடு கறுப்பாகப் படிந்திருக்கிறது. டார்ச் அடித்து மேலே பார்த்தால் ஏசி பைப் மேல் வெள்ளையாக அலுமினியத் தூள். ஸ்டீல் பின்னல் ஹோஸ் அந்தப் பைப்போடு உரசியபடியே கிடந்து, அரம் போட்டது போல ஒரு பள்ளம் வெட்டியிருந்தது. ஹோஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இன்னொரு ஹோஸ் முன்பக்க ஸ்வே பார் (வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் கம்பி) மேலேயே படுத்திருந்தது. பயணத்தை அன்று இரவே ரத்து செய்தேன், கட்டிய பணம் போனது போனதுதான். அதைவிட என்னைத் தூங்கவிடாதது வேறு. ஆயில் லைன் ட்ராக்கில் பிய்ந்தால் என் எஞ்சினோடு முடியாது, பின்னால் 120 மைல் வேகத்தில் வருகிறவர் என் ஆயில் மேல்தான் பிரேக் பிடிப்பார்.

ஹூஸ்டனில் இருப்பதில் ஒரு வசதி, எண்ணெய் வயல் வேலைக்காக ஹைட்ராலிக் ஹோஸ் செய்து கொடுக்கும் கடைகள் ஏராளம். அப்படி ஹோஸ் வேலையிலேயே இருபது வருடம் இருக்கும் ஒரு மதுரைக்கார அண்ணன் எனக்குப் பழக்கம். வந்து பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். “தம்பி, பிரஷரப் பத்திக் கவலப்படாதீங்க, இந்த எஞ்சின் குடுக்குற பிரஷரெல்லாம் நம்ம ஹோஸுக்கு ஒண்ணுமே இல்ல. சூடு எவ்வளவு ஏறும், அதச் சொல்லுங்க.” உண்மைதான். ஆயில் பிரஷர் 100 பிஎஸ்ஐ சுற்றித்தான் இருக்கும், ஹைட்ராலிக் ஹோஸ் ஆயிரக்கணக்கில் தாங்கும். ஆனால் சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் பெரும்பாலும் 100 செல்சியஸ் வரைக்குத்தான், நம் ஆயில் அதைச் சாதாரணமாகத் தாண்டும். கடையில் போய் ஏஎன்-10 ஹோஸ் கொடுங்கள் என்று மட்டும் கேட்டால் அந்த 100 டிகிரி ஹோஸ் கைக்கு வர வாய்ப்பு நிறைய. நாங்கள் எடுத்தது 150 செல்சியஸ் தாங்கும் ரப்பர் ஹோஸ், மேலே துணிப் பின்னல். ஸ்டீல் பின்னலின் பளபளப்பு இருக்காது, ஆனால் பக்கத்தில் இருக்கும் எதையும் அறுக்காது.

பழைய ஃபிட்டிங்கைக் கழற்றினால் மரையில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றியிருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசவே இல்லை. ஏஎன் ஃபிட்டிங்கில் ஆயிலை அடைப்பது மரை கிடையாது, உள்ளே 37 டிகிரி சாய்வில் இருக்கும் கூம்பு. மரையில் டேப் சுற்றினால் ஒரு பயனும் இல்லை, பிய்ந்த துணுக்கு ஆயிலோடு உள்ளே போகும் ஆபத்துதான் மிச்சம். கசிவை நிறுத்த இறுக்கி இறுக்கி அந்தக் கூம்பே நசுங்கியிருந்தது. மரையில் ஒரு சொட்டு ஆயில் தடவி, கையால் முடிந்தவரை திருகி, அப்புறம் ஸ்பேனரில் நட்டின் ஒரு பட்டை அளவு, அவ்வளவுதான். அதற்கும் கசிந்தால் கூம்பில் கீறலோ தூசியோ இருக்கிறது, கழற்றிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, வீட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் பித்தளை ஃப்ளேர் ஃபிட்டிங் 45 டிகிரி, கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும், இதோடு சேராது.

வழி கண்டுபிடிக்கத்தான் ஒரு முழு சனிக்கிழமை போனது. பம்பரைக் கழற்றி, கூலரை வாய் இரண்டும் மேலே பார்க்கும்படி வைத்தோம், காற்று உள்ளே நிற்காது என்பதற்காக. அப்புறம் தோட்டத்துக் குழாயில் ஒரு துண்டு வெட்டி அதையே ஹோஸாக வைத்து வளைத்து வளைத்துப் பார்த்தோம். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கம் சாயும். கூலரோ பாடியோடு அசையாமல் இருக்கிறது. நடுவில் போகும் ஹோஸ் விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு கியருக்கும் ஃபிட்டிங்கை இழுக்கும். “நகரும்னு நெனச்சே கட்டுங்க தம்பி” என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். எஞ்சின் பக்கம் கொஞ்சம் தொய்வு விட்டு, பாடிப் பக்கம் மட்டும் ரப்பர் வைத்த கிளாம்ப் போட்டோம். ஜிப் டை ஒன்றுகூட இல்லை. சக்கரத்தை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, சஸ்பென்ஷனை ஜாக்கில் ஏற்றி இறக்கி, ஸ்வே பார் எங்கெல்லாம் போகிறது என்று பார்த்த பிறகுதான் அளவு குறித்தோம்.

ஃபிட்டிங்கை ஹோஸோடு மெஷினில் நசுக்கி இறுக்கும் கிரிம்ப் முறையில் செய்தோம். இதில் ஒரு கவனம் வேண்டும். இரண்டு முனையிலும் வளைந்த ஃபிட்டிங் வருகிறது என்றால், ஒன்றுக்கு எதிரே மற்றொன்று எத்தனை டிகிரி திரும்பியிருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும், கிரிம்ப் ஆன பிறகு திருத்த முடியாது, ஹோஸை முறுக்கி மாட்டினால் சீக்கிரம் போய்விடும். வெட்டியதும் உள்ளே காற்றடித்து, ஆயில் விட்டுக் கழுவி, வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தோம். மூன்றாவது தடவைதான் துணி சுத்தமாக வந்தது. அந்த ரப்பர் தூளும் கம்பித் துணுக்கும் பேரிங்குக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

கூலரில் முன்னாலேயே ஆயில் நிரப்பி, எஞ்சின் பற்றாமல் இருக்க ஃப்யூல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றி, பத்து பத்து விநாடியாக ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டு பிரஷர் வந்த பிறகே ஸ்டார்ட் செய்தோம். சாதாரணமாக ஃபில்டரோடு 4.9 லிட்டர் பிடிக்கும் எஞ்சின், முதல் தடவை ஏறக்குறைய 6 லிட்டர் குடித்தது. ஆயில் மாற்றும்போது கூலரில் இருப்பது வடியாது, அதனால் அளவுக்கோலைப் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள்.

இப்போதைய நிலை: இந்த லைன் போட்டு மூன்று வருடம் தாண்டிவிட்டது, இருபத்தைந்து ட்ராக் நாள் இருக்கும். ஹைவேயில் ஆயில் 180 முதல் 190 ஃபாரன்ஹீட். ஆங்கிள்டனில் 38 செல்சியஸ் வெயிலிலும் முழு செஷன் ஓட்டி 240 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் பார்த்ததில்லை. ஆஸ்டினில் அந்த நீளமான பின்பக்க நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போகும்போது காற்று நன்றாகக் கிடைப்பதால் 230-லேயே நிற்கிறது. லிம்ப் மோட் ஒருமுறைகூட வரவில்லை. குறை என்றால், ஜனவரி காலையில் ஆயில் சூடாக முன்பைவிட ஐந்தாறு நிமிடம் கூடுதலாகிறது. அப்புறம் கல் அடித்துக் கூலரின் மெல்லிய தகடுகளில் (ஃபின்) இரண்டு மூன்று மடங்கியது, கம்பி வலை போட்டதும் அது நின்றுவிட்டது.

ஒவ்வொரு ட்ராக் நாளுக்கும் முன்னால் நட்டையும் ஃபிட்டிங்கையும் சேர்த்து பெயின்ட் பேனாவில் கோடு போட்டிருப்பதைப் பார்ப்பேன், கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. ஹோஸைத் தடவிப் பார்ப்பேன். எஞ்சின் பேரிங் போன காரிலிருந்து கழற்றிய கூலரையும் லைனையும் யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், உள்ளே மாட்டிய உலோகத் துகளை எவ்வளவு கழுவினாலும் முழுதாக எடுக்க முடியாது.

போன மாதம் ஹோஸ் இரண்டையும் மாற்றினேன். கசிவு எதுவும் இல்லை, ரப்பருக்கு வயதாகிறது என்பதால்தான். பழையதை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தோம், உள்பக்கம் வெடிப்பே இல்லை, வளைத்தால் மெதுவாக வளைந்தது, ஒரே ஒரு கிளாம்ப் இருந்த இடத்தில் மட்டும் துணி லேசாகத் தேய்ந்திருந்தது. புது ஹோஸும் அதே வழியில்தான் போகிறது, அந்த ஒரு கிளாம்பை மட்டும் இரண்டு விரற்கடை மேலே தூக்கிப் போட்டிருக்கிறோம்.