முதல் தலைமுறை மியாட்டா: 14 அங்குலமா, 15 அங்குலமா, 16 அங்குலமா?

1989 முதல் 1997 வரை வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 (மியாட்டா என்பதும் இதே வண்டிதான்), அதாவது முகப்பு விளக்கு மேலே எழும்பி நிற்கும் என்ஏ மாடல் வைத்திருப்பவர்கள் எல்லாரும் எந்த அளவு ரிம் போடுவது என்ற இந்தக் கேள்விக்கு ஒருநாள் வந்துதான் ஆகவேண்டும். வண்டி அதிகம் ஓடியிருக்காது, டயரில் பட்டன் நிறைய இருக்கும், ஆனால் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் நாலு இலக்கத் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 1412 என்று இருந்தால் அது 2012-ஆம் வருடத்தின் 14-வது வாரம். அந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈர ரோட்டில் பிடிக்காது. பட்டனை நம்பி அதை ஓட்டாதீர்கள்.

சரி, டயர் மாற்றத்தான் வேண்டும் என்றால் ரிம்மையும் சேர்த்து மாற்றலாமா?

1.6 லிட்டர் மாடலில் கம்பெனி கொடுத்தது 14 அங்குலம், ஐந்தரை அங்குல அகலம், ஆஃப்செட் (ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கும் தூரம்) 45 மி.மீ., நாலு போல்ட், பிசிடி (போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்) 100 மி.மீ., நடு ஓட்டை 54.1 மி.மீ. டயர் 185/60 ஆர்14, அதாவது அகலம் 185 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 14 அங்குலம். ஏழு கால் வைத்த அந்த அலாய் ஒன்று சுமார் ஐந்தரை கிலோதான். இன்று கடையில் விற்கும் எத்தனையோ 15 அங்குல ரிம்கள் இதைவிட எடை அதிகம். மெல்லிய டயர், லேசான ரிம், ஆயிரம் கிலோவுக்கும் குறைவான வண்டி, 115 குதிரைத்திறன் எல்லாம் சேர்ந்துதான் அந்த வண்டியின் குணமே. மிதமான வேகத்திலேயே டயர் லேசாக வழுக்க ஆரம்பிக்கும், அதை ஸ்டீயரிங்கிலேயே உணர்ந்து பிடித்துக்கொள்ளலாம். இந்தச் சுகத்துக்காகத்தான் பலர் இந்த வண்டியை வாங்குகிறார்கள். பழைய ரிம் வளையாமல், விரிசல் இல்லாமல் இருந்தால் 14 அங்குலத்திலேயே இருப்பதில் தப்பே இல்லை.

சிக்கல் டயரில்தான். 80-களில் கோல்ஃப் ஜிடிஐ, டொயோட்டா எம்ஆர்2 எல்லாம் இதே 185/60 ஆர்14-ல் ஓடியதால் அப்போது நல்ல ஸ்போர்ட்ஸ் டயர்கள் இந்த அளவில் தாராளமாகக் கிடைத்தன. இன்று புது ஸ்போர்ட்ஸ் வண்டிகள் பெரும்பாலும் 14 அங்குலத்தில் வருவதில்லை. அதனால் சாதாரண டயர் கிடைக்கும், ஒட்டிப் பிடிக்கிற ரகம் தேடித்தான் எடுக்கவேண்டும்.

அங்கேதான் 15 அங்குலம் முந்துகிறது. 195/50 ஆர்15 என்பது யாரோ கண்டுபிடித்த மாற்று அளவு அல்ல, அடுத்த தலைமுறையான என்பி மியாட்டாவுக்கு மாஸ்டாவே போட்டுக் கொடுத்தது. கணக்குப் போட்டால் பழைய டயரின் மொத்த விட்டம் 577.6 மி.மீ., இதன் விட்டம் 576. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கியர் நீளம் மாறாது, ஃபெண்டரில் இடிக்காது. இன்னொரு லாபமும் உண்டு: பின்னாளில் என்பி ஸ்போர்ட்டின் 270 மி.மீ. பிரேக் டிஸ்க் போட ஆசை வந்தால் அதற்கு 15 அங்குல ரிம் வேண்டும்.

இதிலேயே 205/50 ஆர்15 போடலாமே என்பார்கள். போடலாம், ட்ராக்குக்குப் போகிறவர்கள் ஏழு, எட்டு அங்குல அகல ரிம்மில் அதைத்தான் போடுகிறார்கள். விட்டம் 586 ஆகிறது, ஒன்றரை சதவீதம் கூடுதல், பெரிதாகத் தெரியாது. ஆனால் பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி என்றால் பார்க்கிங்கில் தோள் வலிக்கும். அதோடு பிடிப்பு ஏறிவிட்டால் 115 குதிரைத்திறன் திடீரென்று போதாததுபோலத் தோன்றும், அப்புறம் இன்ஜினில் கை வைக்கத் தோன்றும். ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவருக்கு 195 போதும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

16 அங்குலம் பார்க்க அழகு, மறுக்க முடியாது. மாஸ்டாவே 2001-க்குப் பிறகு வந்த என்பியில் 205/45 ஆர்16 கொடுத்தது, ஆனால் அந்த வண்டியின் இன்ஜின் வேறு, பாடியும் இன்னும் விறைப்பு. அதை அப்படியே 1.6 லிட்டர் என்ஏ-வில் மாட்டினால் விட்டம் 591-ஐத் தொடும். 2.3 சதவீதம்தானே என்று விடாதீர்கள்: 4.3 என்றிருந்த பின் அச்சு கியர் விகிதம் 4.2 ஆனதுபோல் இழுவை குறையும், மீட்டர் 100 காட்டும்போது வண்டி 102-ல் போகும். ரிம் எடை கூடினால் இன்னும் மந்தம். டயரின் பக்கச் சுவர் 111 மி.மீட்டரிலிருந்து 92-க்கு இறங்குகிறது, ஏற்கெனவே கூரை இல்லாமல் நெளிகிற பாடி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் டேஷ்போர்டு நடுங்கும். 195/45 ஆர்16 போட்டால் விட்டப் பிரச்சினை பெரும்பாலும் தீரும், குலுக்கல் தீராது. 17 அங்குலத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆகவே ரிம் மாற்றுவதாக இருந்தால் 15 அங்குலம், ஆறரை அல்லது ஏழு அங்குல அகலம், 195/50. எடையைக் கேட்காமல் வாங்காதீர்கள். என்கெய் ஆர்பிஎஃப்1 மாதிரியான ரிம் 15-க்கு 7 அளவில் நாலரை கிலோவுக்குள் வந்துவிடும், அதாவது கம்பெனி ரிம்மைவிடவே லேசு. விலை கை கடிக்கும், ஆனால் பாலிஷுக்கும் கலருக்கும் செலவழிப்பதைவிட எடை குறைக்கச் செலவழிப்பது வண்டியில் உடனே தெரியும்.

ஆஃப்செட்டில் கவனம் வையுங்கள். 15-க்கு 7, ஆஃப்செட் 35 என்ற ரிம், பழையதைவிட உள்ளே 9 மி.மீ., வெளியே 29 மி.மீ. தள்ளி நிற்கும். வண்டி பழைய உயரத்தில் இருந்தால் 195 டயரோடு பிரச்சினை வராது. ஸ்பிரிங் வெட்டி இறக்கியிருந்தால், வாங்குவதற்கு முன்பே ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். நடு ஓட்டை 54.1-ஐவிடப் பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் என்ற வளையம் கட்டாயம் போடவேண்டும், இல்லாவிட்டால் பேலன்ஸ் எவ்வளவு பார்த்தாலும் ஸ்டீயரிங் நடுங்கலாம்.

டயர் மாட்டி முடித்ததும் கடைக்காரர் வழக்கம்போல 33, 35 என்று காற்றை ஏற்றிவிடுவார். இந்த வண்டியின் கதவோர ஸ்டிக்கரில் 185/60 ஆர்14-க்கு 26 பிஎஸ்ஐ என்றுதான் இருக்கும். 195/50-க்கும் அங்கிருந்தே தொடங்கி, இரண்டு இரண்டாக ஏற்றி ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 28-க்குப் பக்கத்தில் நின்றுவிடுவீர்கள்.